சபையைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருந்தா முழுசாப் படிங்க. இல்லாட்டி நேரா கீழே போய்த் திட்டிட்டுப் போங்க. ரெண்டும் எனக்குச் சம்மதம்தான்.

போன வெள்ளிக்கிழமை நம்ம தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. மேடையில் ஒரு பாஸ்டர் கையை வீசுகிறார், வரிசையாக நிற்கிற ஆட்கள் பின்னாலேயே சாய்கிறார்கள். யாரோ புண்ணியவான் அதுக்கு வடிவேலு வசனத்தைச் சேர்த்து வச்சிருக்கார். நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டீங்க. முதல் பொம்மை என்னோடதுதான். போட்டுட்டு ஃபோனைப் பாக்கெட்டுல வச்சேன், மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா, 2010-ல் அதே மாதிரி ஒரு வரிசையில் நின்னு பின்னால சாய்ஞ்சவன் நான்.

உங்கள்ல பல பேருக்கு இது தெரியாது. எட்டு வருஷமா இந்தக் கோயில்ல அன்னதானத்துக்குக் காய் நறுக்குறேன், தைப்பூசத்துக்குக் கயிறு பிடிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் நான் ஒரு தமிழ்ச் சபையில் "பிரதர்". ஞானஸ்நானம் எடுத்தவன். சாட்சி சொன்னவன்.

அன்னிக்கே சாயங்காலம் இன்னொண்ணும் நடந்தது. கழுத்துல சிலுவைச் சங்கிலியோட ஒரு பொண்ணு, இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், கவுண்டர்ல வந்து பாட்டி பேருக்கு ஒரு அர்ச்சனைச் சீட்டு கேட்டுச்சு. பாட்டி ஆஸ்பத்திரில இருக்காங்களாம், அவங்கதான் அனுப்பி வச்சாங்களாம். நம்ம ஆள் ஒருத்தர் (பேர் சொல்ல மாட்டேன், அவரே இதைப் படிப்பார்) "ஏம்மா, உங்க ஏசு கேட்டா தர மாட்டாரா?" என்றார். பக்கத்தில் இருந்த ரெண்டு பேர் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு நட்சத்திரம் தெரியாம முழிச்சிட்டு, காசை வச்சிட்டு, சீட்டை வாங்காமலே போயிடுச்சு.

அதனால்தான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஊர்ல சமய நல்லிணக்கத்துக்குன்னு சட்டமே இருக்கு, 1990-லேர்ந்து. அதுக்குப் பயந்து சொல்லலை, மனசறிஞ்சு சொல்றேன்: ஏசுவைப் பத்தி இந்தப் பதிவுல ஒரு வார்த்தை தப்பா இருக்காது. என் கோபம் அவர் பேரை வச்சு நடந்த வியாபாரத்து மேல. அதைவிடப் பெரிய கோபம் வேற ஒண்ணு மேல, அதுக்கு அப்புறம் வர்றேன்.

நான் ஏன் போனேன்? நம்ம ஆளுங்க இதுக்கு ஒரு ரெடிமேட் பதில் வச்சிருக்காங்க: "அரிசி மூட்டைக்குப் போயிட்டான்." அரிசி மூட்டை யாரும் தரலை அண்ணே. 2009-ல் என் பையன் இருபத்தொன்பது வாரத்துல பிறந்துட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இரண்டு மாசம். நான் அப்போ ஷிப்ட் வேலை, மனைவிக்கு அறுவைசிகிச்சைக் காயம் ஆறலை. அம்மா எங்க கூடத்தான் இருந்தாங்க, முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. அந்த ரெண்டு மாசமும் நான் வாரம் தவறாம கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை, மோட்ச தீபம் தவிர மத்த எல்லா தீபமும், மிருத்யுஞ்சய ஹோமத்துக்கு உபயம். ஒரு தடவை கவுண்டர்ல இருந்தவர்கிட்ட "பையனுக்கு உடம்பு சரியில்லைண்ணே"ன்னு சொன்னேன். அவர் நிமிர்ந்துகூட பார்க்கலை. "சில்லறையா குடுங்க"ன்னார்.

எங்க புளோக்குல ஏழாவது மாடியில ஒரு சிஸ்டர் இருந்தாங்க. எப்படித் தெரிஞ்சதோ தெரியாது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கஞ்சி, மீன் சூப் எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. முதல் மூணு வாரம் மதம்ங்கிற பேச்சே இல்லை. என் மனைவி தூங்கட்டும்னு இவங்க நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க. நாலாவது வாரம், "பிள்ளைக்காக ஜெபிக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. நீங்க என் இடத்துல இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

பையன் பிழைச்சான். இப்போ உயர்நிலை நாலு படிக்கிறான், என்னைவிட உயரம். டாக்டர்கள் பிழைக்க வச்சாங்கன்னு இன்னிக்குச் சொல்றேன். அன்னிக்கு மேடையேறி வேற மாதிரி சொன்னேன். எங்களுக்கு ஒரு சபையே குடும்பமா கிடைச்சது. வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டம், ஞாயிறு ஆராதனை, பிறந்த நாளுக்குக் கேக். நான் சந்தோஷமா இருந்தேன், பொய் சொல்லலை.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா வந்தது.

முதல்ல வீடு "சுத்திகரிப்பு". பாஸ்டரும் நாலு பிரதரும் வந்து ஒவ்வொரு அறையா ஜெபம் பண்ணிட்டு, சாமி அலமாரி முன்னாடி நின்னாங்க. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பார்த்தவர். அவர் காலத்து முருகன் படம், சாண் உயரத்துக்கு ஒரு பித்தளை வேல். "இதெல்லாம் வீட்டுல இருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு ஆபத்து பிரதர்"னார். பிள்ளை பேரைச் சொன்னா அப்பன் என்ன பண்ணுவான்? ஒரு பிளாஸ்டிக் பையில எல்லாத்தையும் போட்டு, கால்வாய் ஓரத்துல, எல்லாரும் பழைய சாமி படத்தைக் கொண்டுபோய் வைக்கிற அந்த மரத்தடியில வச்சிட்டு வந்தேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. "கோவம்னா இருந்துக்கப்பா, அந்த விளக்கை மட்டும் அணைக்காத"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. அணைச்சேன்.

ஒரு வேடிக்கை பாருங்க. "அபிஷேகம்", "ஆராதனை", "உபவாசம்", "ஸ்தோத்திரம்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கிட்டுதான் எங்க சாமி அலமாரியை அப்புறப்படுத்தினாங்க. கையில வச்சிருந்த புத்தகத்துக்குப் பேர் வேதாகமம். வேதமும் ஆகமமும் சேர்ந்த பேர் அது! நம்ம வீட்டுச் சொல் வேணும், வீடு மட்டும் பிசாசு.

அடுத்தது தசமபாகம். எனக்கு அப்போ சம்பளம் 2,400 வெள்ளி. சேமநிதிக்கு 20 விழுக்காடு, 480 போயிடும். கைக்கு வர்றது 1,920. பத்துல ஒண்ணு 192 கொடுத்துட்டிருந்தேன். ஒரு நாள் தனியா கூப்பிட்டு, "பிரதர், தேவன் கேக்கிறது மொத்தச் சம்பளத்துல, பிடித்தம் போனதுல இல்லை"ன்னு விளக்கம். சரின்னு 240 ஆக்கினேன். அப்புறம் கட்டட நிதிக்கு வாக்குறுதி அட்டை. எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அட்டையை நிரப்பணும், ஆனா நிரப்பினவங்க முன்னால வந்து நிக்கணும்! கண்ணை மூடினாலும் காலடிச் சத்தம் கேக்குமே. 3,000 எழுதினேன், மாசம் 250 வீதம். ஒரு மாசம் கட்ட முடியலை. அந்த வாரப் பிரசங்கமே "தேவனைக் கொள்ளையடிக்கிறவர்கள்" பற்றி. பேர் சொல்லலை. எனக்குப் புரிஞ்சது.

அந்த மூணு வருஷத்துல பாஸ்டர் ரெண்டு தடவை கார் மாத்தினார். அது "ஆசீர்வாதம்". என் வண்டி வேலை நின்னுபோனது "விசுவாசக் குறைவு".

அப்புறம், "இங்கே சாதி இல்லை." இதுதான் என்னை ரொம்பவே இழுத்த விஷயம், ஏன்னா நம்ம பக்கத்துல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக் கூட்டத்துல ஒரு பையன் இருந்தான். தங்கமான பிள்ளை, கித்தார் வாசிப்பான். சபையில மூப்பரா இருந்த ஒருத்தர் பொண்ணை விரும்பினான். ரெண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்தவங்க, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. மூப்பர் கேட்ட முதல் கேள்வி, "பையனோட பூர்வீகம் ஊர்ல எந்தத் தெரு?" பாஸ்டரும் உட்கார்ந்து, "தேவ சித்தம் இல்லை"ன்னு முடிச்சு வச்சார். பையன் ஆஸ்திரேலியா போயிட்டான். அப்புறம்தான் தேடிப் படிச்சேன். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல ஒரே தேவாலயத்துக்குள்ள சாதிக்கு ஒரு பக்கமா சுவர் வச்சுப் பிரிச்சிருந்த கதை, திருச்சியில கிறிஸ்தவக் கல்லறைக்குள்ளேயே சாதிச் சுவர். செத்தவனுக்கும் சுவர் ஐயா! மதம் மாறினா சாதி போயிடும்னு நம்பிப் போனவங்களுக்கு இதைவிடப் பெரிய துரோகம் என்ன இருக்கு?

இப்ப சொல்லப்போறதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கிறது.

2013-ல் அம்மா போயிட்டாங்க. நான் தலைமகன். பாஸ்டர் அன்னிக்கு ராத்திரியே வந்தார். "பிரதர், நீங்க பக்கத்துல நிக்கலாம், ஆனா எந்தச் சடங்கும் தொடக் கூடாது. கொள்ளி, வாய்க்கரிசி, அஸ்தி, எதுவும். தொட்டா நீங்க அறிக்கை பண்ணின விசுவாசத்தை மறுதலிக்கிறீங்க." என் தங்கச்சி கால்ல விழாத குறையா கெஞ்சினா. "அண்ணே, ஒரு பிடி அரிசிதான்." நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். கீழ்த்தளத்துல கூடாரத்துக்கு வெளியே, விருந்தாளி மாதிரி. என் தங்கச்சி மகன், பன்னிரண்டு வயசுப் பிள்ளை, மண்டாய் தகனச்சாலையில எல்லாத்தையும் பண்ணினான். அஸ்தி கரைக்கப் படகுல போனப்ப நான் கரையில நின்னேன். திரும்பி வந்தவுடனே சபையில என்னை முன்னால நிறுத்தி, "சோதனையில ஜெயிச்ச பிரதர்"னு கைதட்டினாங்க. நானும் தலையாட்டினேன். அதை நினைச்சா இன்னிக்கும் சோறு இறங்காது.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே மூப்பரோட அப்பா இறந்தார். அவரும் இந்துவாவே இருந்தவர், நிறைய சொத்து, கட்டட நிதிக்கு அந்தக் குடும்பம் கொடுத்தது என்னோட 3,000 மாதிரி பத்து இருபது மடங்கு. நான் துக்கத்துக்குப் போனேன். மூப்பர் மீசையை எடுத்துட்டு, வெள்ளை வேட்டியில, கையில நெய்ப்பந்தத்தோட நிக்கிறார். பாஸ்டர் பக்கத்து நாற்காலியில. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்தது. ஓரமா கூப்பிட்டுக் கேட்டேன். "குடும்பத்துக்குள்ள சமாதானமும் முக்கியம் இல்லையா பிரதர்? சூழ்நிலையைப் பொறுத்து ஞானமா நடந்துக்கணும்."

எங்கம்மாவுக்கு அந்த ஞானம் ஏன் வரலை? பதில் உங்களுக்கே தெரியும். 240 வெள்ளிக்கு ஒரு சட்டம், அதுக்கு மேல வேற சட்டம்.

அது 2015. அதே வருஷம் அக்டோபர்ல சிட்டி ஹார்வெஸ்ட் வழக்குத் தீர்ப்பு வந்தது. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். பாஸ்டர் காங் ஹீ, கூட அஞ்சு பேர், ஆறு பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்பு. மக்கள் கட்டடத்துக்குன்னு கொடுத்த காசுல 24 மில்லியன் வெள்ளி போலி கடன் பத்திரங்கள் வழியா பாஸ்டர் மனைவியோட பாப் பாட்டுத் தொழிலுக்குப் போனது, அந்த ஓட்டையை மறைக்க இன்னொரு 26 மில்லியன். எட்டு வருஷம்னு விதிச்சது 2017-ல் மேல்முறையீட்டுல மூணரை வருஷமா குறைஞ்சது. எனக்கு அந்த ஆறு பேர் மேலகூட அவ்வளவு ஆச்சரியம் இல்லை. காசு கொடுத்து ஏமாந்தவங்களே விடியக்காலையில நீதிமன்ற வாசல்ல வரிசை பிடிச்சு அவங்களுக்காக நின்னாங்களே, அதான் என்னைப் பயமுறுத்தினது. ஏன்னா நான்கூட நின்னிருப்பேன். எங்க சபைக்கும் அந்தச் சபைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் அந்த ஞாயிறு எங்க பாஸ்டர், அபிஷேகம் பெற்றவங்களை விமர்சிக்கிறது பாவம்னுதான் பிரசங்கம் பண்ணினார். காசு கொடுத்த சாதாரண விசுவாசிக்காக ஒரு ஜெபம்? கிடையாது. அதுக்கப்புறம் நான் போகலை.

இன்னொண்ணும் சொல்லணும். எங்களுக்கு ரவி சகரியாஸோட சி.டி.யெல்லாம் கொடுப்பாங்க. சென்னையில பிறந்தவர், உலகப் புகழ் பெற்ற பேச்சாளர். நான் விரும்பிக் கேட்டவர். அவர் 2020-ல் இறந்தார். 2021 பிப்ரவரியில அவரோட அமைப்பே நியமிச்ச வழக்கறிஞர்கள், மசாஜ் நிலையப் பெண்கள்கிட்ட அவர் பல வருஷமா தவறா நடந்துக்கிட்டது உண்மைன்னு அறிக்கை கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பெண் துணிஞ்சு சொன்னப்ப அதே அமைப்பு அந்தப் பெண்ணைத்தான் சந்தேகப்பட்டது. இந்த முறைதான் எனக்கு நல்லாத் தெரிஞ்ச முறை. மேடையில நிக்கிறவர் தப்பு பண்ணினா அது "தாக்குதல்". கீழே உட்கார்ந்திருக்கிறவன் தப்பு பண்ணினா அது "பாவம்".

நான் விலகினதும் எல்லாருக்கும் செய்தி போச்சு: பின்வாங்கிப் போனவன், பழகாதீங்க. ஆறு வருஷ "குடும்பம்" ஒரே வாரத்துல காணாமப் போச்சு. கோப்பிக் கடையில எதிர்ல வந்தா ஃபோனைப் பார்ப்பாங்க. ஏழாவது மாடி சிஸ்டர் மட்டும் கேக்கலை. இன்னிக்கு வரைக்கும் தீபாவளிக்கு நான் முறுக்கு கொண்டுபோவேன், அவங்க கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவாங்க. அவங்ககிட்ட நான் சபையைப் பத்திப் பேசறதில்லை. அவங்க உண்மையான கிறிஸ்தவர். அவங்களையும் சேர்த்துதான் நம்ம காணொளி சிரிக்குது.

இந்த இடத்துல சில பேர் கைதட்டத் தயாரா இருப்பீங்க. "பாத்தீங்களா, நாங்க சொன்னோம்ல!" கொஞ்சம் கையைக் கீழே போடுங்க.

தெற்குப் பால சாலை மாரியம்மன் கோயில்ல என்ன நடந்தது? தலைமை அர்ச்சகரே கருவறை நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோனார், 2016-லேர்ந்து 2020 வரைக்கும், திரும்பத் திரும்ப. இரண்டு மில்லியன் வெள்ளிக்கு மேல பெறுமானமுள்ள நகை. தணிக்கை வந்தா கடன் வாங்கி மீட்டுக் கொண்டுவந்து வைப்பார், முடிஞ்சதும் மறுபடி கடைக்கு. கோவிட் வந்து கணக்கு உதைச்சதாலதான் வெளியே வந்தது. நகையெல்லாம் திரும்பி வந்துடுச்சு, 2023-ல் அவருக்கு ஆறு வருஷச் சிறை. அம்மன் கழுத்துல நகை இருக்கான்னு தெரியாம நாமளும் நாலு வருஷம் கன்னத்துல போட்டுக்கிட்டோம். 2018-ல் லிட்டில் இந்தியாவுல ஒரு பெரிய கோயில் நிர்வாகிகளை அறநிறுவன ஆணையர் இடைநீக்கம் பண்ணினாரே, அப்ப நம்ம குழுவுல என்ன காணொளி வந்தது? ஒண்ணும் வரலை. "நம்ம கோயில் மானம் போகக் கூடாது, ஃபார்வர்ட் பண்ணாதீங்க"ன்னுதான் வந்தது. இது எந்தப் பிரசங்கம் மாதிரி இருக்குன்னு எனக்குத் தெரியும்.

டியூப் லைட்டுல உபயதாரர் பேரை வெளிச்சம் வராத அளவுக்கு எழுதற நாம, அவங்க வாக்குறுதி அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறோம். விசேஷ நாள்ல பெரிய உபயதாரர் வந்தா வரிசையில நிக்கிற கர்ப்பிணிப் பொண்ணை ஒதுக்கிட்டுக் கயிறை அவிழ்த்து விடறவன் யாரு? நான்தான். போன வருஷம் நானே பண்ணினேன், செயலவை அண்ணன் கண்ணைக் காட்டினார், பண்ணினேன். அந்த மூப்பரும் நானும் அன்னிக்கு ஒண்ணு.

சிலர் கேப்பீங்க, அப்ப ஏன் திரும்பி வந்த? அம்மாவோட முதல் வருஷத் திவசம், ரெண்டாவது திவசம், ரெண்டுக்கும் நான் போகலை. மூணாவதுக்குப் போனேன். தங்கச்சி ஒண்ணும் பேசாம ஒரு துணிப்பையைக் கொடுத்தா. உள்ளே அந்தப் பித்தளை வேல். நான் மரத்தடியில வச்ச அன்னிக்கு ராத்திரியே அம்மா அந்த முட்டியோட கீழே இறங்கிப் போய் எடுத்துட்டு வந்து, புடவைக்கு நடுவுல வச்சிருந்திருக்காங்க. எங்கிட்ட சொல்லவே இல்லை. அடுத்த வாரம் கோயிலுக்கு வந்தேன். வாசல்ல செருப்பு அடுக்கிட்டிருந்த ஒரு தாத்தா (போன வருஷம் காலமாயிட்டார், பழைய ஆட்களுக்குத் தெரியும்) எங்கே போயிருந்த, ஏன் போனன்னு ஒரு கேள்வி கேக்கலை. "சாப்பிட்டியா தம்பி? உள்ள பந்தி போட்டிருக்கு"ன்னார். அவ்வளவுதான்.

அவர் மட்டும் அன்னிக்கு "என்ன, உங்க ஏசு கைவிட்டுட்டாரா?"ன்னு கேட்டிருந்தா, நான் அப்படியே திரும்பிப் போயிருப்பேன். போன வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு போன மாதிரி.

நம்ம பிள்ளைங்க ஏன் போறாங்கன்னு வருஷா வருஷம் பொதுக்கூட்டத்துல பேசறோம், வெளியே இருந்து யாரோ வந்து பிடிச்சுட்டுப் போற மாதிரி. பிடிச்சுட்டுப் போகலை அண்ணே. ஆஸ்பத்திரி நாற்காலி காலியா இருந்தது, அவங்க வந்து உட்கார்ந்தாங்க. கும்பாபிஷேகத்துக்கு நம்மால பணம் திரட்ட முடியுது. நோயாளியைப் பார்க்கப் போற ஒரு குழு இருக்கா? நான் செயலவைக்கு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். "நல்ல யோசனை, அடுத்த தவணையில பார்ப்போம்"னாங்க. இது அடுத்த அடுத்த தவணை.

அதனால கேட்டுட்டு இருக்கிறதை நிறுத்திட்டேன். கவுண்டர்ல அந்தப் பொண்ணு வச்சிட்டுப் போன காசு இன்னும் அங்கேயே ஒரு உறையில இருக்கு. பாட்டி பேரைச் சொல்லிட்டுத்தான் போனாங்க, அவங்க பேருக்கு அர்ச்சனை நானே பண்ணிட்டேன். பிரசாதம் என்கிட்ட இருக்கு. அந்தக் குடும்பம் யாருக்காவது தெரிஞ்சா தனியா சொல்லுங்க, பேரை இங்கே கருத்துல போட வேண்டாம்.

வர்ற ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் வண்டி கோயில் வாசல்ல நிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போறோம். யாரையும் எதுவும் மாத்தப் போகலை, துண்டுச் சீட்டு கிடையாது, குழுப் படம் கிடையாது. கஞ்சி என் மனைவி வைக்கிறா. என்னைச் சேர்க்காம நாலு பேருக்கு இடம் இருக்கு.

முருகா சரணம்.